ஒரு பட்டன் குடு

அந்த வீட்டில் பட்டன் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருந்தது. ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது. தையல்காரி வீட்டில் பட்டனுக்கா பஞ்சம்? பிஸ்கட் டப்பாவில் வெள்ளை, பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் கலர், மிச்சம் மீதியெல்லாம் மெஷின் இழுப்பறையில் என்று திரும்பின பக்கமெல்லாம் பட்டன்தான். நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் யாராவது ஒருவர் பின்னால் ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். இன்னொரு அர்த்தம் மகள்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தது. வெள்ளையாக, வட்டமாக, பெரியவள் கைப்பையில் மருந்துக்கடையிலிருந்து வருவது.

"அக்கா, ஒரு பட்டன் குடு" என்று சின்னவள் கூடத்தில் நின்று எல்லார் காதிலும் விழும்படியே கேட்பாள். அம்மா மெஷினில் குனிந்திருப்பாள். அப்பா டியூட்டி முடிந்து வந்து காலை நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். பெரியவள் உள்ளறைக்குப் போய்க் காய்ச்சல் மாத்திரையை உறையிலிருந்து பிதுக்கி எடுப்பாள். ஒன்று போதாத நாளில் அதற்கு ரெட்டைப் பட்டன் என்று பெயர். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் தங்களுக்கு வாய்த்திருக்கிறது என்று பெரியவளுக்கு அப்போது பெருமைகூட இருந்தது. மாத்திரை கொடுத்ததைக்கூட ஒரு நாள் மன்னித்துவிடலாம். அந்தப் பெருமையை அவளால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

சின்னவளுக்கு வீட்டில் தந்தி என்று பெயர். வைத்தவர் அப்பா. ஆறு வயதில் தெருமுனைக் கடைக்கு அனுப்பினால், அனுப்பினவர் கதவைச் சாத்துவதற்குள் சாமானோடு திரும்பி நிற்பாள். தந்தி வளர்ந்து எண்ணூறு மீட்டர் ஓட்டக்காரி ஆனாள். பத்தொன்பது வயதில் மாநிலத் தேர்வுக்குத் தயாரானாள்.

அப்பா பஸ் டிரைவர். முப்பது வருஷம் ஓட்டினவர். முன் விளக்கு இரண்டில் ஒன்று மங்கலாக எரிந்தாலும் வண்டியை டிப்போவை விட்டு எடுக்கமாட்டார்; மேனேஜர் வந்து கெஞ்சினாலும் சாவியை மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அதே சட்டம்தான் மகளுக்கும். ஒரு தடவை மைதானத்தில் தந்தி மயங்கி விழுந்துவிட்டாள். அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டார்: "உடம்பு சரியில்லன்னா ஓட்டம் கிடையாது. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ஷூவைத் தூக்கிப் பரண்ல போட்டுடுவேன்." சொன்னதைச் செய்கிற மனிதர் என்பதுதான் அவரிடம் இருந்த கஷ்டம்.

ஆகவே தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது சாயங்காலம் சாயங்காலம் உடம்பு சுட ஆரம்பித்ததும், தந்தி நேராக அக்காவிடம் வந்தாள். வெயிலில் ஓடின சூடு என்று அக்கா நினைத்தாள். ஒரு பட்டன் கொடுத்தாள். சூடு தணிந்தது. மறுநாளும் வந்தது, மறுநாளும் தணிந்தது. தலையணை உறை வியர்வையில் நனைந்ததற்கு மின்விசிறியைத் திட்டினார்கள். எடை குறைந்ததற்குப் பயிற்சி நல்லா நடக்கிறது என்று சந்தோஷப்பட்டார்கள். இப்படிப் பதினாலு வாரம் போயிற்று.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், மருந்துக்கடைக் கவுண்டரில் வேலை பார்க்கிற பெரியவள் அங்கே நாள் முழுக்கச் சொல்கிற ஒரே வசனம் இதுதான்: "மூணு நாளுக்கு மேல காய்ச்சல் இருந்தா மாத்திரை வாங்காதீங்க, டாக்டரைப் பாருங்க." ஊருக்குத்தான் உபதேசம். கடைச் சிப்பந்தி விலையிலேயே வாங்கி வீட்டுக்கு மட்டும் அட்டை அட்டையாகக் கொண்டுபோனாள்.

தந்தி தேர்வில் முதலாவதாக வந்தாள். மாநில அணிக்குப் போட்டுக்கொள்ள ஒரு கோட்டு வேண்டும் என்றார்கள். கடையில் ஏன் வாங்க வேண்டும், நானே தைக்கிறேன் என்று அம்மா இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு நின்றாள். தோள் எடுத்தாள், கை எடுத்தாள், கழுத்தைச் சுற்றி டேப்பைப் போட்டாள். போட்ட விரல் அங்கேயே நின்றது. காறை எலும்புக்கு மேலே, ஒரு சின்ன எலுமிச்சை அளவுக்குக் கட்டி. இத்தனை வருஷம் ஊரார் கழுத்தெல்லாம் அளந்த கை. ஒரு சுற்றிலேயே தெரிந்துவிட்டது.

பெரிய டாக்டரம்மா முன்னால் நான்கு பேரும் நின்றார்கள். அப்பா காக்கி உடுப்போடு அப்படியே வந்திருந்தார்.

"காய்ச்சல் எவ்வளவு நாளா இருக்கு?" என்று டாக்டரம்மா கேட்டார். தந்தியைப் பார்த்துத்தான் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் பெரியவள் முந்திக்கொண்டாள்.

"ரெண்டு வாரமா டாக்டர்."

தந்தி அக்காவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள். டாக்டரம்மா எழுதிக்கொண்டார். அப்பா இல்லாத நேரத்தில் தனியாக வந்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பெரியவள் நினைத்தாள். அப்படி ஒரு நேரம் எத்தனையோ தடவை வந்தது. அவள்தான் போகவில்லை.

நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய். கழுத்தில் இருந்தது வயிறு வரைக்கும் போயிருந்தது. ஆறு மாதம் மருந்து ஏற்றினார்கள். முடி போயிற்று, புருவம் போயிற்று, கட்டியும் போயிற்று. முடி திரும்பி வந்தது. ஐந்தாவது மாதம் கட்டியும் திரும்பி வந்தது. மறுபடியும் வேறு மருந்து. இனி ரத்த அணுக்களையே எடுத்துச் சேமித்துத் திரும்ப ஏற்றுகிற பெரிய வைத்தியம், அடுத்த மாதம், யாரும் நுழைய முடியாத தனி அறையில்.

டாக்டரம்மாவின் பிரிவில் ஓர் ஆராய்ச்சி தொடங்கவிருந்தார்கள். இளவயதுக்காரர்களுக்கு இந்த நோய் வந்தால், முதல் அறிகுறியிலிருந்து டாக்டர் வாசலுக்கு வர எத்தனை நாள் ஆகிறது, ஏன் ஆகிறது, அந்த நாட்களைக் குறைத்தால் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்பதுதான் கேள்வி. அதற்குப் பணம் இல்லை என்று தெரிந்ததும், "எனக்குத் தெரிஞ்சது ஓட்டம் ஒண்ணுதான் டாக்டர். ஒரு ஓட்டம் வெச்சு, ஓட வர்றவங்ககிட்ட பணம் சேர்த்துத் தரட்டுமா?" என்று தந்தி கேட்டாள்.

டாக்டரம்மா யோசித்துவிட்டு, "அஞ்சு கிலோமீட்டர். பந்தயம் மாதிரி ஓடக்கூடாது, நடந்து நடந்து ஓடணும். முந்தின நாள் ரத்தம் பார்ப்பேன். காய்ச்சல் நூறைத் தாண்டினா ஓட்டம் கிடையாது, நேரா என்கிட்ட வரணும். மாத்திரை போடக்கூடாது. உன் உடம்புல இப்ப எதிர்ப்புச் சக்தி கம்மி. காய்ச்சல்தான் நமக்கு மணி அடிக்கிற ஆளு. அவன் வாயைப் பொத்திட்டா நமக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். கடைசி வாக்கியம் தன்னைப் பார்த்துச் சொன்னதாகவே பெரியவளுக்குப் பட்டது. குற்றமுள்ள நெஞ்சுக்கு எல்லாமே அப்படித்தான் படும்.

ஓட்டத்துக்கு ஆள் சேர்க்கத் தந்தி மூன்று இடத்தில் பேசினாள். அவள் படித்த கல்லூரியில், அப்பாவின் டிப்போவில், மைதானத்து அரங்கில். மூன்று இடத்திலும் ஒரே பேச்சு.

"நான் யார்கிட்டயும் சொல்லல. ஓட்டம் போயிடுமேன்னு பயந்து மறைச்சேன். அது என் தப்பு. நீங்க யாரும் அந்தத் தப்பைப் பண்ணாதீங்க."

சொல்லி முடித்ததும் அவள் கண் அக்கா உட்கார்ந்திருக்கிற பக்கம் வரும். பெரியவள் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வாள். என்னைக் காப்பாற்றுகிறாள், எவ்வளவு பெரிய மனசு என்று உள்ளுக்குள் உருகுவாள். உருகினாளே தவிர, எழுந்திருக்கவில்லை. டிப்போவில் பேசினபோது அப்பா கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோளில் கை வைத்துத் தேற்றியவளும் இவள்தான். அந்தக் கையை வீட்டுக்கு வந்து இரண்டு தடவை கழுவினாள்.

ஓட்டத்துக்கு நாலு நாள் முன்னால் ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு படிவம் கொடுத்தார்கள். தந்திதான் முதல் ஆள், அவள் விவரத்தோடுதான் ஆராய்ச்சி தொடங்கும், ஓட்டம் முடிகிற இடத்தில் டாக்டரம்மாவே வாங்கிக்கொள்வார். நாலே நாலு கேள்வி. முதலில் தெரிந்த அறிகுறி என்ன? எந்தத் தேதியில்? முதலில் யாரிடம் சொன்னீர்கள்? டாக்டரைப் பார்ப்பதற்கு முன் ஏதாவது மருந்து எடுத்தீர்களா, கொடுத்தது யார்?

"நீயே எழுதிடு அக்கா. உன் கையெழுத்துதான் நல்லா இருக்கும்" என்று தந்தி அதை நீட்டினாள். கிண்டலா, நிஜமா என்று முகத்தைப் பார்த்தாள் பெரியவள். புருவம் இன்னும் சரியாக முளைக்காத முகத்தில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

முதல் கேள்விக்குக் காய்ச்சல் என்று எழுதினாள். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. ரெண்டு வாரம் என்று எழுதினால் ஆராய்ச்சியின் முதல் வரியே பொய். தங்கை ஓடி ஓடிச் சேர்க்கிற பணம், அக்கா எழுதின பொய்யின் மேல் போய் உட்காரும். உண்மையை எழுதினால்? அப்பா முகம் கண்முன் வந்தது. படிவத்தை நாலாக மடித்துக் கைப்பையில், மாத்திரை அட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். மாத்திரை அட்டை இன்னும் அந்தப் பையில்தான் இருந்தது. தூக்கிப் போடவும் கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை கடைக்கு ஒரு மனிதர் வந்தார். மகனுக்குக் காய்ச்சல், பத்து மாத்திரை வேண்டும் என்றார்.

"எத்தனை நாளா?"

"எட்டு நாளா வந்து வந்து போவுதும்மா. பரீட்சை நடக்குது, முடிஞ்சதும் டாக்டர்கிட்ட காட்டிக்கலாம்னு."

"தரமாட்டேன்."

"இது என்னம்மா, காசு குடுத்துத்தானே கேக்கறேன்."

"பரீட்சை அடுத்த வருஷமும் வரும். பையன் வருவானா? அப்பாவா நீங்க? கண்ணு தெரியலையா உங்களுக்கு?" குரல் தெரு வரைக்கும் போயிற்று. அந்த மனிதர் மிரண்டு போய்ப் பின்னால் நகர்ந்தார். முதலாளி உள்ளேயிருந்து ஓடிவந்து, அவரைச் சமாதானம் பண்ணி, பக்கத்து டாக்டரின் விலாசம் எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

"சொன்ன விஷயம் சரிதாம்மா. ஆனா நீ அந்த ஆளைத் திட்டின மாதிரி தெரியலையே. வேற யாரையோ திட்டின மாதிரி இருந்துச்சு" என்றார் முதலாளி. சில்லறை வியாபாரத்தில் நாற்பது வருஷம் முகம் பார்த்தவர். பெரியவள் திரும்பி மருந்து அடுக்கைத் துடைக்க ஆரம்பித்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் அம்மா தந்தியின் ஓட்டச் சட்டையைப் பிரித்துப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டிருந்தாள். தந்தி ரத்தப் பரிசோதனைக்கு அப்பாவோடு போயிருந்தாள்.

"மூணாவது தடவையா பிடிக்கிறேன். இனிமே பிடிக்கத் துணியில இடமில்ல" என்றாள் அம்மா.

பெரியவள் மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன முழம் என்ன என்று ஆரம்பித்தாள். "அம்மா, அவ அப்போ பட்டன் பட்டன்னு கேப்பாளே, ஞாபகம் இருக்கா?"

மெஷின் நின்றது.

"அது பட்டன் இல்லம்மா."

"தெரியும்" என்றாள் அம்மா. ஊசியிலிருந்து நூலை வெட்டினாள். "அவ போடுறதெல்லாம் தலை வழியா மாட்டுற பனியன். பட்டனே இல்லாத சட்டை போடுறவளுக்கு எதுக்குடி தினமும் ஒரு பட்டன்? எனக்கு இது தெரியாதா?"

பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள். "பின்ன ஏம்மா கேக்கல?"

"எவனோ ஒரு பையனுக்குத்தான் பட்டன்னு பேரு வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். அக்காவும் தங்கச்சியும் அப்படிச் சிரிச்சீங்களே. கேட்டா சிரிப்பு நின்னுடுமேன்னு கேக்கல. இங்க உக்காந்து நானும் சிரிச்சுக்கிட்டுத்தான் தெச்சேன்." அம்மா சட்டையை மடியில் போட்டுக்கொண்டாள். "என்ன குடுத்தே?"

பெரியவள் சொன்னாள். எத்தனை வாரம் என்றும் சொன்னாள். அம்மா அடிக்கவில்லை, அழவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மடியிலிருந்த சட்டையை மடித்து வைத்துவிட்டு, "அப்பாகிட்ட சொல்லாதே. அந்த மனுஷன் போட்ட சட்டத்தாலதான்னு தன்னையே கொன்னுக்குவாரு. நடந்தது நடந்துபோச்சு. சொல்லி என்ன ஆகப்போவுது" என்றாள்.

அந்தக் கணம் பெரியவளுக்கு வந்தது நிம்மதி. அதுதான் கொடுமை. அம்மாவே சொல்லிவிட்டாள், இனி என் கையில் ஒன்றும் இல்லை என்று நெஞ்சு லேசாயிற்று. அடுத்த கணமே அந்த லேசு அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அன்றைக்குப் படிவத்தை அவள் எடுக்கவில்லை.

ஞாயிறு காலை ஐந்நூறு பேர்போல ஓட வந்திருந்தார்கள். ரத்தப் பரிசோதனை சுமாராக இருக்கிறது, போகலாம் என்று டாக்டரம்மா முந்தைய மத்தியானமே சொல்லியிருந்தார். ஓட்டக்காரர்களுக்குப் பின்னால், களைத்தவர்களை ஏற்றிக்கொள்ள டிப்போ ஒரு பஸ்ஸை இரவலாகக் கொடுத்திருந்தது. ஓட்டியவர் அப்பா. கிளம்பும் முன் வழக்கம்போல இரண்டு விளக்கையும் போட்டுப் பார்த்தார். காலை வெளிச்சத்தில் விளக்கு எதற்கு என்று யாரோ கேட்டதற்கு, "எரியுதான்னு தெரிஞ்சுக்கத்தான்" என்றார்.

அம்மாவும் டாக்டரம்மாவும் முடிகிற இடத்தில் இருந்தார்கள். பெரியவள் மூன்றாவது கிலோமீட்டரில், மூடியிருந்த மருந்துக்கடை வாசலில் மேசை போட்டுத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். கைப்பை தோளில் தொங்கியது.

கூட்டத்தின் கடைசியில் தந்தி வந்தாள். நாலு அடி ஓட்டம், நாலு அடி நடை. வழியில் நின்றவர்கள் கை தட்டினார்கள். மேசைக்கு வந்தவள் தண்ணீரைத் தொடவில்லை. அக்கா காதருகே குனிந்தாள். முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு.

"அக்கா, ஒரு பட்டன் குடு."

பெரியவள் அவள் நெற்றியில் புறங்கையை வைத்தாள். ஓடின சூடா, காய்ச்சல் சூடா என்று இனி அவளுக்குச் சந்தேகம் வராது. தங்கையின் உதடு வெயிலிலும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"எப்பத்துல இருந்து?"

"நேத்து சாயங்காலம் லேசா. ரெண்டு கிலோமீட்டர்தான் இருக்கு. எல்லாரும் அங்க காத்துக்கிட்டு இருக்காங்க. யாருக்கும் தெரியாது. பையிலதான வெச்சிருக்கே?"

"இருக்கு. தரமாட்டேன்."

சிரிப்பு போய்விட்டது. "விளையாடாத அக்கா."

"தரமாட்டேன்டி. ஓடவும் விடமாட்டேன்."

"இது என் ஓட்டம். எனக்காகத்தான் இத்தனை பேர் வந்திருக்காங்க. அடுத்த மாசம் அந்த ரூமுக்குள்ள போனா நான் திரும்பி வருவேனான்னு உனக்குத் தெரியுமா? இந்த ரெண்டு கிலோமீட்டரையாவது விடேன்."

அப்படிக் கேட்டால் யார் மனசுதான் இளகாது? பெரியவளின் கை பைக்குள் போயிற்று. அட்டையின் மேடு பள்ளம் விரலில் பட்டது. ஒன்றைப் பிதுக்கினால் போதும். அரை மணியில் சூடு தணியும், தங்கை சிரித்துக்கொண்டே முடிப்பாள், எல்லோரும் கை தட்டுவார்கள். அவளுக்கு நன்றாகத் தெரிந்த வழி அது. பதினாலு வாரம் நடந்த வழி. அட்டையை அப்படியே கசக்கி உள்ளே தள்ளிவிட்டுக் கையை வெளியே எடுத்தாள். பின்னால் வந்துகொண்டிருந்த பஸ்ஸை இரண்டு கையையும் தூக்கி நிறுத்தினாள்.

"அப்பா, இவளுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கு விடுங்க."

தந்தி திமிறினாள். ஓடிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். "நீ பெரிய டாக்டரு" என்று தந்தி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். ஆனால் திமிறுவதற்கு அவளிடம் தெம்பு இல்லை. அக்கா அவளை அணைத்துத் தூக்கிப் படியேற்றினபோது பெரிய கனமும் இல்லை.

பஸ்ஸில் களைத்துப்போய் ஏறினவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அப்பா உடனே வண்டியைத் திருப்பினார். பெரியவள் முன் சீட்டில் தங்கையைச் சாய்த்துக்கொண்டு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள்.

"நேத்து சாயங்காலத்துல இருந்து இருக்கு டாக்டர். இப்ப நடுங்குது."

"மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா?"

"இப்ப குடுக்கல."

"நல்லது. நான் கிளம்பிட்டேன். நேரா அவசரப் பிரிவுக்கு வாங்க."

அதோடு போனை வைத்திருக்கலாம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாகிவிட்டது. ஆனால் இப்ப என்ற அந்த ஒரு வார்த்தை அவளை விடவில்லை.

"அப்போ குடுத்தேன் டாக்டர்" என்றாள். "முதல்ல வந்தப்போ ரெண்டு வாரம்னு சொன்னேன். பொய். பதினாலு வாரம். அவ முதல் நாளே என்கிட்ட சொன்னா. நான்தான் தினமும் மாத்திரை குடுத்து மறைச்சேன். அவ எதையும் மறைக்கல. மேடையில அவ சொன்னது பொய்."

எஞ்சின் சத்தத்தையும் மீறித்தான் பேசினாள். மேலே இருந்த கண்ணாடியில் அப்பாவின் கண் தெரிந்தது. ஒரு தடவை அவளைப் பார்த்தது. பிறகு சாலைக்குப் போய்விட்டது. வண்டி ஆடவில்லை, வேகம் குறையவில்லை, சிக்னலில் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. தந்தி அவள் தோளில் தலையை வைத்தபடியே கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுவண்டியோடு ஆட்கள் ஓடிவந்து அவளை வாங்கிக்கொண்டார்கள். அப்பா எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"அப்பா."

"விளக்கு எரியலன்னா சொல்லுங்கன்னுதான் அந்தச் சட்டம் போட்டேன்" என்றார் அவர், முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே. "என்கிட்ட சொல்ல முடியாத மாதிரி ஆயிடுச்சு." அவர் அவளைத் தொடவில்லை. "நீ உள்ள போ. அவ தனியா இருப்பா" என்றார்.

ரத்தம் எடுத்தார்கள், வலது கையில் மருந்து ஏற்றினார்கள். ஒன்றரை மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. கிருமி ரத்தத்தில் கலந்திருக்கிறது, இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓடியிருந்தால், அதுவும் மாத்திரை போட்டுக்கொண்டு ஓடியிருந்தால், கதை வேறாக இருந்திருக்கும் என்று டாக்டரம்மா வெளிப்படையாகவே சொன்னார். வராந்தாவில் பெரியவள் அவரை நிறுத்தினாள்.

"அப்பவே, முதல் வாரத்துலயே கூட்டிட்டு வந்திருந்தா, இது திரும்பி வந்திருக்காதா டாக்டர்?"

"தெரியாதும்மா" என்றார் அவர். "வராம இருந்திருக்கலாம். வந்தும் இருக்கலாம். உனக்கு ஆறுதலா ஒண்ணு சொல்லலாம்னா, அந்தப் பதில் யார்கிட்டயும் இல்ல. இல்லாததாலதான் இந்த ஆராய்ச்சியே."

உள்ளே தந்தி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அம்மா வந்து காலடியில் உட்கார்ந்திருந்தாள். பெரியவள் கட்டில் பக்கத்தில் நின்றாள்.

"முடிக்க விடல நீ" என்றாள் தந்தி.

"ஆமா."

"மூணு மேடை ஏறினேன். மூணு தடவையும் உன்னைப் பார்த்துத்தான் சொன்னேன். நீ எழுந்து இல்லன்னு சொல்லுவேன்னு பார்த்தேன். நீ செருப்பைப் பார்த்தே."

பெரியவள் இத்தனை நாள் பெரிய மனசு என்று நினைத்து உருகினது இதைத்தான். எழுந்து உண்மையைச் சொல் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். இவள் பாராட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். அழக்கூட வெட்கமாக இருந்தது. மன்னிச்சுக்கோ என்று சொல்ல வாயெடுத்தாள். அது கேட்டு வாங்குகிற பொருள் இல்லை என்று தோன்றி நிறுத்திக்கொண்டாள்.

"படிவம் எங்க?" என்று தந்தி கேட்டாள்.

கைப்பையைத் திறந்தாள். கசங்கின அட்டையும் மடித்த தாளும் சேர்ந்து வெளியே வந்தன. அட்டையைக் கட்டிலுக்கு அடியில் இருந்த குப்பைக் கூடையில் போட்டாள். படிவத்தைப் பிரித்து நீட்டினாள்.

தந்தி வாங்கவில்லை. ஊசி குத்தியிருந்த வலது கையை லேசாகத் தூக்கிக் காட்டினாள். "நீயே எழுது. தேதியிலிருந்து எழுது."

பெரியவள் தேதியை எழுதினாள். தேதி அவளுக்கு மனப்பாடம். பிறகு பேனா மூன்றாவது கேள்வியில் வந்து நின்றது. அவள் அதை வாய்விட்டுப் படித்தாள். "முதலில் யாரிடம் சொன்னீர்கள்?"

தந்தி கூரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தாள். இந்தத் தடவை பெரியவள் செருப்பைப் பார்க்கவில்லை.

"அக்காகிட்ட" என்றாள் தந்தி.

அக்காவிடம் என்று அவள் தன் நல்ல கையெழுத்தில் எழுதினாள். நாலாவது கேள்விக்கும் பெயர் அதுதான். அதையும் எழுதிவிட்டு, கொண்டுபோய் டாக்டரம்மாவிடம் கொடுத்தாள்.